டிரைட்டனா, செண்ட்ராவாசியா: நவமியில் தண்ணீரில் இறங்கும் திட்டம்

நவம்பரில் எங்கள் நான்கு பேருக்கும் சேர்ந்தாற்போல் 12 நாள் லீவு கிடைக்கிறது. இப்படி அமைவது அபூர்வம். அதனால் மறுபடியும் அந்தமான், மறுபடியும் கர்நாடகாவின் நேத்ராணித் தீவு என்று போக மனமில்லை. எங்காவது தூரமாக, ஒரே பவளப்பாறையைச் சுற்றி ஏழு படகு நிற்காத ஒரு வளைகுடாவில் போய் சிலிண்டர் கட்டி முங்கலாம், அதாவது ஸ்கூபா டைவ் அடிக்கலாம் என்று முடிவு செய்தோம். எந்த வளைகுடா என்பதில்தான் இரண்டு மாதமாக வாட்ஸ்அப் குழுவில் சண்டை. சண்டை ஒருவழியாக ஓய்ந்துவிட்டது, என்ன யோசித்தோம் என்று எழுதி வைக்கிறேன், இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்கு உதவும்.

முதலில் ஆட்கள், ஏனென்றால் பாதி முடிவு அதிலேயே இருக்கிறது. எனக்கு 140 டைவ் போல ஆகியிருக்கும். நண்பருக்கும் அவர் மனைவிக்கும் ஆளுக்கு 80 பக்கம். நாலாவது ஆள் என் சித்தப்பா மகள், புதுச்சேரியில் கற்றுக்கொண்டவள், அடுத்த நிலைப் பயிற்சிக்கான அட்வான்ஸ்டு கார்டு வாங்கிவிட்டாள், ஆனால் டைவ் கணக்கு எழுதும் லாக் புக்கில் 22 டைவ்தான். தைரியத்துக்குக் குறைவில்லை. அதுதான் எனக்குக் கவலை.

பட்டியலில் இருந்தவை மூன்று. பப்புவா நியூ கினியின் கிழக்கு நுனியில் இருக்கும் மில்ன் வளைகுடா. இந்தோனேசியப் பப்புவாவின் வடக்குப் பக்கம் இருக்கும் செண்ட்ராவாசி. அதே நிலத்தின் தெற்குப் பக்கம், கைமானா ஊருக்குக் கீழே இருக்கும் டிரைட்டன்.

“இவ்வளவு தூரம் போவதற்கு ராஜா அம்பாட் போகலாமே” என்று யாராவது கேட்பீர்கள். சரியான கேள்வி. அது பப்புவாவின் மேற்கு முனையில் இருக்கும் தீவுக்கூட்டம். பப்புவா பக்கம் இதுவரை போகாதவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அங்கேதான் போக வேண்டும். சோரோங் வரை விமானம், அங்கிருந்து வைசாய்க்கு இரண்டு மணி நேரம் கப்பல், உள்ளூர்க்காரர்களே நடத்தும் ஹோம்ஸ்டேகள், கைக்கு அடக்கமான செலவு. கேப் க்ரி என்ற ஒரே இடத்தில், ஒரே டைவில், ஜெரால்ட் ஆலன் என்ற மீன் ஆய்வாளர் 2012-ல் 374 வகை மீன்களை எண்ணியிருக்கிறார். நானும் நண்பரும் அங்கே ஒருமுறை போய்விட்டோம், அதனால்தான் பட்டியலில் இல்லை, வேறு குறை ஒன்றும் கிடையாது.

மில்ன் வளைகுடாவைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் நாங்களும் சீக்கிரமே கைவிட்டோம். கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள், மூன்றில் விமானம் மாறுவது குறைவானது இதற்குத்தான்: சென்னை, சிங்கப்பூர், போர்ட் மோர்ஸ்பி, அப்புறம் அலோட்டாவ். டைவர்கள் ‘மக் டைவிங்’ என்று சொல்கிறோமே, சேறும் கறுப்பு மணலுமான அடித்தளத்தில் விநோதப் பூச்சி பொட்டுகளைத் தேடுவது, அந்தப் பெயரே இங்கே டைனாஸ் பீச் என்ற இடத்தில் பிறந்தது. வைத்தவர் பாப் ஹால்ஸ்டெட். 1942 ஆகஸ்ட், செப்டம்பரில் ஜப்பானியப் படை தரையில் தோற்றுத் திரும்பிய இடமும் இதுதான், அதனால் போர்க்கால விமானச் சிதைவுகளும் அந்தப் பக்கக் கடலில் உண்டு. ஆனால் அந்த வழியில் டிக்கெட் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை, விசாவும் முன்கூட்டி எடுக்க வேண்டும். இந்தோனேசியாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இறங்கியதும் விசா கிடைக்கிறது, 5 லட்சம் ருப்பியா, 30 நாள். இது ஒரு பக்கம் இருக்க, தங்கச்சி சொன்ன ஒரு வரி போதுமானதாக இருந்தது: “நகத்தளவு இறாலைப் பாக்க மூணு பிளேன் ஏறணுமா?” எனக்கு இறால் பிடிக்கும். ஆனால் வாக்கெடுப்பில் தோற்றேன்.

மிச்சம் இரண்டு.

செண்ட்ராவாசி என்றால் சொர்க்கப் பறவை. பெயருக்கேற்ற அழகுதான், ஆனால் அளவைச் சொன்னால்தான் புரியும்: 2002-ல் அமைந்த அந்தத் தேசியக் கடல் பூங்கா 14,500 சதுர கிலோமீட்டருக்கு மேல், நம் சென்னை மாநகராட்சியைப் போல 34 மடங்கு. எல்லோரும் அங்கே போவது ஒரே காரணத்துக்காக, திமிங்கலச் சுறா. நம் கடலோரத்தில் அம்மணி உழுவை என்பார்களே, அதுதான். நபிரே ஊரிலிருந்து படகில் சில மணி நேரம் போனால் குவாத்திசோரே என்ற பகுதி. அங்கே பாகான் என்று மிதக்கும் மேடைகள் நிற்கும், இரவில் விளக்கைப் போட்டு நெத்திலி மாதிரிப் பொடி மீன்களை மேலே வரவழைத்து, கீழே விரித்த வலையைத் தூக்கிப் பிடிப்பார்கள். அந்தப் பொடி மீன் வாசனைக்குத் திமிங்கலச் சுறா வந்து நிற்கும். வலையை வாயால் உறிஞ்சும். மீனவர்கள் விரட்டுவதில்லை, அது வந்தால் நல்லது என்ற நம்பிக்கை அவர்களுக்கு. வருஷம் முழுக்க அங்கே பார்க்கலாம் என்பதுதான் செண்ட்ராவாசியின் பெரிய பலம். மற்ற ஊர்களில் “போன வாரம்தான் சார் வந்துச்சு” என்ற கதையைக் கேட்டுத் திரும்பி வருவோமே, அந்த ஆபத்து இங்கே மிகக் குறைவு.

நண்பரின் மனைவி கடைசி வரை இதற்காகத்தான் வாதாடினார். அவர் மூன்று முறை மாலத்தீவு போய் மூன்று முறையும் திமிங்கலச் சுறாவைப் பார்க்காமல் திரும்பியவர், அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

எனக்கு இருந்த தயக்கம் இதுதான். பாகானில் முங்குவது அற்புதமான அனுபவம்தான், ஆனால் முதல் நாள் வாய் பிளந்து பார்ப்போம், இரண்டாம் நாள் படம் எடுப்போம், மூன்றாம் நாளிலிருந்து? படகுக்காரர்கள் மீனவர்களிடம் காசு கொடுத்து ஒரு வாளி மீன் வாங்கி ஊற்றுவதும் உண்டு. அது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார், மீனவருக்கு அது வருமானம், சுறாவுக்கும் அந்த ஊரில் மரியாதை அதனால்தான் நீடிக்கிறது. ஆனாலும் ஆறு நாளும் அதையே பார்க்க முடியாது. மற்ற டைவ் இடங்கள் அந்த மாபெரும் வளைகுடாவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கின்றன, மனோக்வாரி, பியாக் பக்கம் போர்க்காலச் சிதைவுகள் எல்லாம் நபிரேயிலிருந்து வெகு தூரம். எல்லாவற்றையும் தொட வேண்டும் என்றால் லிவ்அபோர்டு, அதாவது படகிலேயே தங்கி நாள் கணக்கில் சுற்றுவது, ஒன்றுதான் வழி.

டிரைட்டன் அப்படியே நேர் எதிர். சின்ன இடம், பக்கத்துப் பக்கத்தில் டைவ் இடங்கள், ஐடுமா தீவில் தரையிலேயே தங்கும் ஒரு டைவ் ரிசார்ட். ஆனால் தண்ணீர் கலங்கல். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இணையத்தில் படங்களைப் பார்த்துவிட்டு மாலத்தீவுக் கண்ணாடித் தண்ணீரை எதிர்பார்த்துப் போய் ஏமாறுகிறவர்கள் உண்டு. பல நாளில் விசிபிலிட்டி, அதாவது தண்ணீருக்குள் கண் எட்டும் தூரம், 10 மீட்டரைத் தொட்டாலே நல்ல நாள். புதுச்சேரியில் கற்றுக்கொண்டவர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை என்று தங்கச்சி சொன்னாள், அதுவும் உண்மைதான்.

அந்தக் கலங்கலைக் குறையாக மட்டும் பார்க்கக் கூடாது என்பது என் கட்சி. ஆற்றிலிருந்து வரும் சத்தும், தென்கிழக்குப் பருவக் காற்றில் ஆழத்திலிருந்து மேலே ஏறிவரும் குளிர்ந்த நீரும் அந்தக் கடலை மிதவை உயிர்கள் நிறைந்த கஞ்சி மாதிரி ஆக்கி வைத்திருக்கின்றன. மென்பவளங்களுக்கு அந்தக் கஞ்சிதான் சாப்பாடு. அதனால்தான் ஆரஞ்சும் ஊதாவும் மஞ்சளுமாக ஒன்றின் மேல் ஒன்று ஏறி, பாறை எது என்றே தெரியாத அளவுக்கு அவை அங்கே மண்டிக் கிடக்கின்றன. வெளிச்சம் உள்ளே இறங்காததால், வேறு இடங்களில் ஆழத்துக்குப் போய்த் தேட வேண்டிய கருப்புப் பவளம் இங்கே ஆழம் குறைந்த இடத்திலேயே புதராக நிற்கிறது. தண்ணீர் தெளிவாக இருந்திருந்தால் இந்த அடர்த்தி இருந்திருக்காது. எங்கள் குழுவுக்கு இதில் இன்னொரு லாபம்: நல்லதெல்லாம் 5-லிருந்து 25 மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. 22 டைவ் ஆனவளை 30 மீட்டருக்கு இழுத்துப் போகத் தேவையில்லை.

இரண்டு வளைகுடாவுக்கும் பொதுவான ஒரு சுவாரசியத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 2006-ல் கன்சர்வேஷன் இன்டர்நேஷனல் அமைப்பின் குழு இரண்டு இடத்திலும் ஆய்வு செய்தபோது ஐம்பதுக்கும் மேற்பட்ட புதிய உயிரினங்களைக் கண்டதாக அறிவித்தார்கள். அதில் இரண்டு, நடக்கும் சுறாக்கள். நீந்தத் தெரியாமல் இல்லை, ஆனால் ராத்திரியில் பவளத்தின் மேல் துடுப்புகளை ஊன்றி, பல்லி மாதிரி உடம்பை நெளித்து நடந்து இரை தேடும். நீளம் ஒரு மீட்டருக்கும் குறைவு, அவ்வளவுதான். செண்ட்ராவாசிக்கு ஒரு வகை, டிரைட்டன் பக்கத்துக்கு வேறொரு வகை, இரண்டுக்கும் 2008-ல் அறிவியல் பெயர் வைத்தார்கள். ஆக, நடக்கும் சுறாவை வைத்து எந்த வளைகுடாவும் ஜெயிக்க முடியாது. எங்கே போனாலும் ஒரு நைட் டைவை மட்டும் விடக் கூடாது.

டிரைட்டனில் திமிங்கலச் சுறா இல்லையா என்றால், இருக்கிறது. நமத்தோத்தே தீவுப் பக்கம் இதே மாதிரி பாகான்கள் உண்டு, அங்கேயும் வரும். செண்ட்ராவாசி அளவுக்கு நம்பி இருக்க முடியாது, அவ்வளவுதான். இங்கேதான் எங்கள் வீட்டு தினசரி காலண்டர் உள்ளே வந்தது.

பாகான் தொழில் முழுக்க விளக்கை நம்பியது. நிலா வெளிச்சம் இருந்தால் விளக்குக்கு மீன் கூடாது. பௌர்ணமியை ஒட்டிப் பாகான்காரர்கள் தொழிலை நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள், பாகான் இல்லையென்றால் திமிங்கலச் சுறாவைத் தேடி எங்கே போவது? அதனால் அமாவாசைப் பக்கம் போக வேண்டும். ஆனால் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓதம் பெரிதாக இருக்கும், ஐடுமாவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே இருக்கிற ஐரிஸ் நீரிணை மாதிரி இடங்களில் நீரோட்டம் அன்றைக்குத்தான் ஆளைத் தூக்கும். புது ஆளை அதில் இறக்க முடியாது. நீரோட்டம் அடங்கி இருப்பது எப்போது என்றால் இரண்டுக்கும் நடுவில், அதாவது அஷ்டமியை ஒட்டி, சொல்லப்போனால் ஓரிரு நாள் தள்ளி. தேய்பிறை அஷ்டமி என்றால் நிலா நடுராத்திரிக்குத்தான் எழும், மாலையிலிருந்து இருட்டு, பாகான்காரருக்கும் வசதி. ஆக, தேய்பிறை அஷ்டமியில் போய்ச் சேர்ந்து அமாவாசைக்குத் திரும்பினால் இரண்டும் கிடைக்கிறது: முதல் நாட்களில் மெதுவான நீரோட்டத்தில் தங்கச்சிக்குப் பழக்கம் ஆகிவிடும், இருட்டு கூடக் கூடப் பாகானில் வாய்ப்பும் கூடும். நம்மூரில் நல்ல காரியத்துக்கு ஆகாது என்று தவிர்க்கிற அஷ்டமி, நவமிதான் டைவருக்குச் சுபமுகூர்த்தம் என்று கண்டுபிடித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ரிசார்ட் தேதி ஒதுக்குவதற்கு முன் பஞ்சாங்கம் பாருங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மாதத்தைப் பொறுத்தவரை டிரைட்டனுக்கு அக்டோபர் முதல் மே வரைதான். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் தென்கிழக்குக் காற்று நேராகத் தெற்குக் கரையில் மோதும், ரிசார்ட்டையே மூடிவிடுகிறார்கள். பள்ளி விடுமுறையை மே கடைசிக்கு மேல் தள்ளி யோசிப்பவர்கள் செண்ட்ராவாசியைத்தான் பார்க்க வேண்டும், அது வடக்கே திரும்பி, நிலத்துக்குள் ஒதுங்கி இருக்கிறது.

இனி படகா, தரையா. படகில் தங்கினால் டிரைட்டனோடு பாண்டா தீவுகள், ராஜா அம்பாட்டின் தென்பகுதி என்று கோத்துப் போகலாம், கண்ணுக்கு விருந்து. ஆனால் அந்தப் பாதைகள் பெரும்பாலும் பத்து இரவுக்கு மேல், எங்கள் 12 நாளில் போய் வரும் நாளைக் கழித்தால் அடங்காது. பல படகுகள் 50 டைவாவது இருக்க வேண்டும் என்று கேட்கின்றன, தங்கச்சி அங்கேயே அடிபட்டுப் போனாள். பணக்கணக்கு, நாங்கள் தோராயமாகப் போட்டது: தரையில் தங்கினால் விமானத்தோடு சேர்த்துத் தலைக்கு 3 லட்சம் பக்கம், படகு என்றால் 5 லட்சத்தை நெருங்கும். செண்ட்ராவாசியை முழுசாகப் பார்க்கப் படகு வேண்டும், டிரைட்டனைத் தரையிலிருந்தே பார்க்கலாம். உண்மையில் இந்த ஒரு வரியில்தான் எங்கள் சண்டை தீர்ந்தது.

பயண நாட்கள் எப்படிப் போகும் என்று சொல்லிவிடுகிறேன், தொலைதூர டைவ் பயணத்தில் எல்லோரும் ஏமாறுகிற இடம் இதுதான். சென்னை, சிங்கப்பூர், ஜகார்த்தா, அங்கிருந்து ராத்திரி விமானத்தில் அம்போன் அல்லது சோரோங், அப்புறம் கைமானாவுக்கு ஒரு சின்ன விமானம், அப்புறம் படகில் ஒன்றரை, இரண்டு மணி நேரம். போக இரண்டரை நாள். வர இரண்டு நாள். நடுவில் ஒரு நாளை ஒன்றுமே செய்யாமல் வைத்திருக்கிறோம். ராஜா அம்பாட் போனபோது என் பை ஒரு விமானம் பின்னால் வந்தது, மாஸ்க்கும், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டரும் அதற்குள், முதல் நாள் முழுக்கக் கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் குமிழியை எண்ணினேன். அன்றிலிருந்து மாஸ்க், சிலிண்டரிலிருந்து மூச்சு எடுக்கும் ரெகுலேட்டர், டைவ் கம்ப்யூட்டர் மூன்றும் கைப்பையில்தான். சின்னப் புரொப்பல்லர் விமானங்களில் இலவச லக்கேஜ் 10 கிலோவாகக் குறைவதும் உண்டு, அதிகப்படிக்குக் காசு கட்டத் தயாராகப் போக வேண்டும். கடைசியில் விமானம் ஏறுமுன் காத்திருக்கும் நேரம்: பல நாள் தொடர்ந்து டைவ் அடித்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்பது டைவர்கள் எச்சரிக்கை வலையமைப்பான டானின் வழிகாட்டுதல். அதற்கு அரை நாள் போயிற்று. ஆக 12-ல் டைவுக்கு மிஞ்சுவது 6 நாள், ஒரு நாளைக்கு மூன்று என்று 18 டைவ், அதில் ஒன்று நைட் டைவ். 10 நாள் லீவுதான் என்றால் தயவுசெய்து இந்தப் பக்கம் வராதீர்கள், ராஜா அம்பாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பற்றி. டிரைட்டன் என்பதே ஒரு டச்சுக் கப்பலின் பெயர். 1828-ல் டச்சுக்காரர்கள் அந்தக் கரையில் லோபோ என்ற இடத்தில் ஒரு கோட்டை கட்டி, இனி இந்தப் பக்கமெல்லாம் எங்களுடையது என்று அறிவித்தார்கள். சில வருஷத்தில் விட்டுவிட்டு ஓடினார்கள். துரத்தியது எந்தப் படையும் இல்லை, காய்ச்சல். மலேரியா இன்றும் அங்கே இருக்கிறது, செண்ட்ராவாசியிலும் இருக்கிறது, அதனால் இந்த விஷயத்திலும் இரண்டும் சமம். டைவர்கள் மருத்துவரிடம் போகும்போது டைவ் அடிப்பதை மறக்காமல் சொல்ல வேண்டும். மெஃப்ளோகுயின் என்ற மாத்திரை தலைசுற்றல், பதற்றம் மாதிரி பக்கவிளைவு தரக்கூடியது, தண்ணீருக்கடியில் அது வந்தால் டிகம்ப்ரஷன் நோயா (மேலே வரும்போது அழுத்தம் குறைந்து உடம்பில் வாயுக் குமிழி உண்டாவது) மாத்திரையா என்றே பிரித்தறிய முடியாது. டாக்ஸிசைக்ளின் வெயிலில் தோலைப் படுத்தும், நாள் முழுக்கப் படகில் இருப்பவர்களுக்கு அது ஒரு தொல்லை. எங்களுக்கு மருத்துவர் அடோவாகுவோன்-புரோகுவானில் எழுதிக் கொடுத்தார், விலை அதிகம், பரவாயில்லை.

டிகம்ப்ரஷன் நோய் வந்தால் சிகிச்சை தரும் அழுத்த அறை அந்த வளைகுடாவில் கிடையாது. படகு, அப்புறம் விமானம், அதுவும் தாழப் பறக்க வேண்டிய விமானம். அவசரமாகத் தூக்கிப்போகும் செலவையும் ஏற்கிற டைவ் காப்பீடு இல்லாமல் எங்கள் குழுவில் யாரும் வரக் கூடாது என்று நான் அடம்பிடித்தேன், நண்பர் முனகிக்கொண்டே கட்டினார். அந்த மனநிலையிலேயேதான் தண்ணீருக்குள்ளும் இருக்க வேண்டும்: கம்ப்யூட்டர் அனுமதிக்கிற கடைசி நிமிடம் வரை கீழே இருக்கத் தேவையில்லை, படகுக்காரர் கண்ணில் படும்படி ஊதி நிறுத்தும் மிதவைக் குழாய் ஆளுக்கு ஒன்று சட்டையோடு கட்டியிருக்க வேண்டும், நீரோட்டம் பிடிக்கவில்லை என்று யார் கை காட்டினாலும் நால்வரும் மேலே வந்துவிட வேண்டும்.

நபிரே பக்கம் யோசிப்பவர்கள் அந்த நேரத்துப் பாதுகாப்பு நிலவரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், பப்புவாவின் நடுமலைப் பகுதியில் அரசியல் பதற்றம் புதிதல்ல. சில இடங்களுக்குக் காவல் நிலையத்தில் சூரத் ஜாலான் என்ற பயண அனுமதிச் சீட்டு கேட்பார்கள். பாஸ்போர்ட் நகலும் புகைப்படமும் கூடுதலாக நாலைந்து வைத்திருந்தால் போதும்.

முடிவு டிரைட்டன்தான், தரையில் தங்குகிறோம். நண்பரின் மனைவிக்கு ஒரு வாக்குறுதி: பாகானில் சுறா வரவில்லையென்றால் அடுத்த பயணம் நபிரே, படகுச் செலவில் அவர் பங்கில் பாதி என்னுடையது. வரும் என்று வேண்டிக்கொள்கிறேன், என் பணத்துக்காகவாவது.

பஞ்சமியன்று கிளம்பி, அஷ்டமியில் வளைகுடா போய்ச் சேர்ந்து, நவமியில் முதல் டைவ், சதுர்த்தசி மதியத்தோடு டைவ் முடித்து, அமாவாசையன்று கைமானாவில் விமானம். அம்மா காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாக எல்லாவற்றுக்கும் முகம் சுளித்தார். “நவமியிலயா தண்ணியில எறங்கப் போறே?” என்றார். ஓதம், நீரோட்டம் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் ஒரு நிபந்தனையோடு விட்டார்: அமாவாசையன்று கிளம்பும் முன் கடலில் ஒருமுறை முங்கி எழ வேண்டும், எந்த ஊர்க் கடலாக இருந்தாலும் புண்ணியம்தானாம். சிலிண்டர் இல்லாமல் கரையோரம் முங்குவது 18 மணி நேரக் கணக்கில் வராது, அதனால் சரி என்றேன்.